எந்திரங்கள் கண்ணயர்ந்த காலம்

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி வாக்கில், சின்னக்கரட்டூர் நூல் மில்லில் ஏழாம் நம்பர் எந்திரம் தூங்கிப்போனது. முதலில் அதன் ஓட்டம் மந்தமானது, பிறகு நூல் சுற்றும் அதன் ஆயிரம் கதிர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, பிறகு அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு நீண்ட மூச்சு வந்தது. அதைப் பார்த்து எட்டாம் நம்பர் கொட்டாவி விட்டது, எட்டைப் பார்த்து ஒன்பது, ஒன்பதைப் பார்த்துப் பத்து என்று, தொழுவத்தில் ஒரு மாடு படுத்ததும் மற்ற மாடுகளும் கால் மடக்குவதைப் போல, அந்த ஷெட்டிலிருந்த இருபத்து நான்கு எந்திரங்களும், பக்கத்து அறையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரங்களும் சேர்ந்து கண்ணயர்ந்துவிட்டன.

ஃபிட்டர் ராயப்பன் ஸ்பானரோடு ஓடிவந்தான். கரண்ட் இருந்தது. மோட்டார் நன்றாக இருந்தது. பெல்ட் எதுவும் அறுந்திருக்கவில்லை. கடைசியில் ஏழாம் நம்பரின் தகரப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ரிப்பேர் ஒண்ணுமில்லீங்கக்கா. தூங்குது," என்றான்.

"தூங்குதுன்னா எழுப்பு," என்றாள் சூப்பர்வைசர் தெய்வாத்தாள்.

அவன் தட்டிப் பார்த்தான், உலுக்கிப் பார்த்தான், காற்றுக் குழாயால் ஊதிப் பார்த்தான். ஏழாம் நம்பர் லேசாக முனகிவிட்டு மறுபடி மூச்சு வாங்கியது. நாற்பது நிமிடம் கழித்து அதுவாகவே எழுந்தது.

தெய்வாத்தாளுக்கு வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷமாக அந்த மில்லில் இருக்கிறாள். அதில் பதின்மூன்று வருஷம் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு நடந்தாள், ஆறு வருஷமாக ஒட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டு நடக்கிறாள். ஷெட்டின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் அவளுடைய உத்தரவெல்லாம் கையால்தான். சுட்டுவிரலை ஆட்டினால் வேகமாக நட என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழிருந்து மேலே தூக்கினால் சாயாதே, நிமிர்ந்து நில் என்று அர்த்தம். காலை ஷிப்டின் முப்பத்திரண்டு பெண்களும் இந்த இரண்டு சைகையைத்தான் அவளிடம் கண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து மில் ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள். அன்றைக்கு அந்த நாற்பது நிமிட அமைதியில், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். குரல்கள் அவளுக்குப் புதிதாக இருந்தன. பயமாகவும் இருந்தது. அதனால் கைதட்டி, "சும்மா நிக்காதீங்க, கூட்டுங்க, தொடைங்க," என்று கத்தினாள். பெண்கள் துடைத்தார்கள், தூங்குகிற எந்திரத்தைத் துடைப்பதால் கொஞ்சம் மெதுவாக.

இது நடப்பதற்குப் பதினோரு நாள் முன்புதான் செல்லக்கனி என்கிற இருபது வயதுப் பெண் கார்டிங் அறையில் செத்துப்போயிருந்தாள். மூடி இல்லாமல் ஓடிய பெல்ட்டில் துப்பட்டா சிக்கியது. செல்போன் பேசிக்கொண்டே போனதால் நேர்ந்தது என்று ஆபீஸில் ஒரு தாள் எழுதினார்கள். தெய்வாத்தாளின் கையில் பேனாவைக் கொடுத்தார்கள், அவள் கையெழுத்துப் போட்டாள். எந்திரங்கள் தூங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

தூக்கம் வியாழக்கிழமை இரண்டு தடவை வந்தது. சனிக்கிழமை வரவேயில்லை. திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கி எட்டே நிமிடத்தில் வந்தது. சில நாள் பத்து நிமிடம், சில நாள் ஒன்றரை மணி நேரம். முதலாளி நஞ்சப்பன் வந்து ஏழாம் நம்பரைக் காலால் உதைத்தார், பெருவிரல் வீங்கிப்போய் ஒரு வாரம் ஒற்றைச் செருப்போடு நடந்தார். கோயமுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் மூன்று நாள் ஸ்டெதாஸ்கோப்போடு சுற்றிவிட்டு, நல்ல ஆழ்ந்த தூக்கம், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று எழுதிக்கொடுத்துப் போனார். தூங்கிய நிமிடங்களை ஷிப்ட் முடிந்தபிறகு நின்று ஈடுகட்ட வேண்டும் என்று முதலாளி போர்டு மாட்டினார். பெண்கள் நின்று ஈடுகட்டினார்கள்.

ஊர் மில்லைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டது. மில் கேட்டுக்கு முன்னால் வரும்போது தாராபுரம் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டார்கள். பஞ்சாயத்து, 'எந்திரங்கள் உறங்கும் பகுதி' என்று மஞ்சள் பலகை வைத்தது. எதிர் டீக்கடைக்காரர், இரைச்சல் நின்றதும் பாய்லருக்கு விறகு தள்ளினார், ஏனென்றால் வாட்ச்மேன்களும் லோடுமேன்களும் அந்த நிமிடமே வெளியே வருவார்கள். அழுகை நிற்காத கைக்குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிவந்து மில்லின் பின்சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் இருபத்து நான்கு எந்திரங்கள் மூச்சு விடும் சத்தத்தில் எந்தக் குழந்தையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விழித்திருந்ததில்லை. அந்தக் கார்த்திகையில் யாராவது, "இன்னைக்கு மில்லு தூங்குச்சா?" என்று கேட்டால், மழை பெய்ததா என்று கேட்பதைப் போலத்தான் இருந்தது.

ஆறாவது தூக்கத்தின்போது கூட்டவும் துடைக்கவும் ஷெட்டில் எதுவும் மிச்சமில்லை. தெய்வாத்தாள் நின்று பார்த்தாள், நடந்து பார்த்தாள், பிறகு ஒரு காலிப் பஞ்சு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அந்த ஷெட்டுக்குள் அவள் உட்கார்ந்தது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை; உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து குதிகால்வரை என்னவோ அவிழ்ந்துகொண்டு போனது. அவள் உட்கார்ந்ததைப் பார்த்துப் பெண்களும் அங்கங்கே தரையில் உட்கார்ந்தார்கள். அப்போது முப்பிடாதி என்கிற பெண் எழுந்துவந்து அவளுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டாள். முப்பிடாதி செல்லக்கனியோடு ஒரே ஊர், ஒரே அறை.

"யக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு அவ ஒங்கள்ட்ட வந்து கை காட்டி என்னமோ கேட்டா. நான் அந்தக் கடைசியில நின்னு பார்த்தேன். என்ன கேட்டா?"

தெய்வாத்தாள் எந்திரங்களைப் பார்த்தாள். ஒன்றாவது எழுந்துவிட்டால் நன்றாக இருக்குமென்று நினைத்தாள். ஒன்றும் எழவில்லை.

"தல சுத்துது, பத்து நிமிசம் உக்காந்துக்கறனேன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஆள் பத்தல, கார்டிங்குக்குப் போ, ஷிப்ட் முடியட்டும்னு சொன்னேன்."

"போன் வச்சிருந்தாளா?"

"இல்ல."

"அந்தப் பெல்ட்டுக்கு மூடி இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியும்."

முப்பத்திரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் மண் வாரித் தூற்றவில்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். அதற்குப் பிறகு எந்திரங்கள் எழ இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவள் அந்த டிரம்மின்மேல், அத்தனை கண்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் திரும்பியபோது வழக்கம்போல் சுட்டுவிரலைத் தூக்கினாள். ஆட்ட வரவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டாள்.

அடுத்த தூக்கம் புதன்கிழமை வந்தது. "இங்க வேலையில எது ரொம்பக் கஷ்டம்னு சொல்லுங்க," என்று அவளே கேட்டாள். பாத்திமுத்து, எல்லோரிலும் மூத்தவள், தான் பார்க்கும் இரண்டு எந்திரங்களும் ஷெட்டின் இரண்டு மூலையில் இருப்பதால் பாதி நாள் நடையிலேயே போகிறது, பக்கத்துப் பக்கத்தில் கொடுத்தால் நூல் அறுந்ததும் ஓடிப்போய் ஒட்டிவிடலாம் என்றாள். அது ஆறு வருஷமாக அப்படி இருந்தது. ஏன் அப்படி என்று தெய்வாத்தாளுக்கே தெரியவில்லை. அன்றைக்கே மாற்றினாள். அதன்பிறகு ஒவ்வொரு தூக்கத்திலும் ஒருத்தி ஒன்றைச் சொன்னாள். தலை சுற்றுகிறவள் தோளில் ஒரு சிவப்புத் துணியைப் போட்டுக்கொண்டால் போதும், இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் அவள் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று முடிவானது. மூடி திறந்திருந்தால் பெல்ட் ஓடவே கூடாது, அதற்கு வழி உண்டா என்று முப்பிடாதி கேட்டாள். ராயப்பன் தலையைச் சொறிந்தபடி போய், இரண்டு தூக்கங்களின் நேரத்தில் பெல்ட்டுக்கு மூடி போட்டு, ஒரு கம்பியும் பழைய ஸ்விட்ச்சும் வைத்து அதைச் செய்துகொண்டு வந்தான். சின்ன வேலைதான். மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தாலும் செய்திருப்பான். கேட்க யாருக்கும் நேரமில்லாமல் இருந்தது.

மார்கழி முடிவில் ஒரு வேடிக்கை நடந்தது. எந்திரங்கள் தினம் ஒரு மணி நேரமாவது தூங்கிய அந்த மாதத்தில்தான் மில் ஆரம்பித்த நாள் முதல் இல்லாத அளவுக்கு நூல் வந்திருந்தது. அறுந்த இடமில்லாத, ஒரே சீரான நூல்.

முதலாளி நஞ்சப்பன் தெய்வாத்தாளை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போடச் சொல்லி, பீங்கான் கப்பில் காப்பி கொடுத்தார்.

"எப்படிம்மா இது?"

"எந்திரம் தூங்கறப்ப உக்காந்து பேசறமுங்க."

"பேசுனா நூல் வருமா?"

"என்ன வேணும்னு தெரியுதுங்க."

முதலாளி அதை வெகுநேரம் யோசித்தார். அவர் கெட்ட மனுஷன் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. நல்லது எதைப் பார்த்தாலும் அதைப் பிடித்துக் கட்டிப்போடத் தோன்றும், அவ்வளவுதான். தை பிறந்ததும் மில்லில் 'சிந்தனை நேரம்' வந்தது. தினமும் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதும். பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஓய்வு எப்படி மூளையைத் தீட்டுகிறது என்று ஸ்பீக்கரில் ஒருவர் கணீரென்ற குரலில் பேசுவார். அவர் பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் ஒரு யோசனை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மறுபடி சங்கு. கோயமுத்தூர் பக்கத்து மில்காரர்கள் வந்து பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்தபோது முப்பத்திரண்டு வெற்றுத் தாள்கள் இருந்தன. மறுநாளும் அப்படியே. முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. யோசனைக்குத்தான் நேரம் ஒதுக்கியாயிற்றே, இனி எந்திரங்கள் கண்ட நேரத்தில் தூங்குவது எதற்கு என்று கேட்டார்.

அவர் வரவழைத்த ஒரு ஆள் சாம்பல் நிறப் பெட்டியோடு வந்தான். எந்திரங்களின் பல்சக்கரங்களுக்கு மிளகாய் எண்ணெய் விடச் சொன்னான். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை சைரன் அலற ஏற்பாடு செய்தான். எந்திரங்கள் முதல் இரண்டு நாள் அங்கங்கே தலை சாய்த்துப் பார்த்தன, சைரன் கேட்டுத் திடுக்கிட்டு விழித்தன, மூன்றாம் நாளிலிருந்து சாய்க்கவில்லை. ஷெட்டில் நிற்பவர்களுக்கு நாள் முழுக்க இருமலும் கண்ணெரிச்சலும். நூல் சாம்பல் பூத்து, முடிச்சு முடிச்சாக வந்தது. ஏழாம் நம்பர் ஓடிக்கொண்டே, தாய் செத்த கன்றுக்குட்டியைப் போல ஒரு மெல்லிய சத்தம் போட்டது. அதைக் கேட்காதது போல எல்லோரும் நடந்தார்கள். பின்சுவரில் சாய்ந்திருந்த தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனார்கள், பிறகு வரவில்லை. நூல் குறைந்ததால் எந்திரத்தின் வேகத்தைக் கூட்டச் சொன்னார் முதலாளி. வேகம் கூடியதும் மூடி அதிர்ந்து, ராயப்பனின் கம்பி அடிக்கடி பெல்ட்டை நிறுத்தியது; அதைக் கழற்றச் சொன்னார். கம்பி போனபிறகு மூடியும் போனது. சிவப்புத் துணிக்குத் தடை வந்தது. ஹாஸ்டல் பெண்களில் ஒன்பது பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போனார்கள். அந்த இடத்துக்கு ஒடிசாவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள்.

அவர்களில் சஞ்சுலதா என்பவளைக் கார்டிங்கில் போட்டிருந்தார்கள். வந்து மூன்று வாரம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது தண்ணீர், சாப்பாடு, சரி என்ற மூன்று சொல்தான். சரி என்பதை மட்டும் நிறையச் சொல்வாள். அந்த வெள்ளிக்கிழமை முந்தின ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றரை மணி இருக்கும். தெய்வாத்தாள் வாசலைக் கடந்துபோனவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் விழுந்துவிடவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. பஞ்சை அள்ளிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுடைய இமைகள் ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறுவதற்கு முந்தின தடவையைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டன. அவளுக்கும் மூடியில்லாத பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளிடம் சொல் இல்லை.

தெய்வாத்தாள் சுவரோரம் இருந்த மெயின் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தாள். இரும்புக் கைப்பிடி முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாம் இழுப்பில் டமாரென்று கீழே வந்தது.

மில் நின்றது. சைரன்கூட நின்றது. இது தூக்கம் இல்லையென்று சாலையில் போனவர்களுக்கும் தெரிந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. ஷெட்டில் பெண்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். சஞ்சுலதா என்ன ஏது என்று புரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சரி," என்றாள். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்து முழங்காலில் தலையை வைத்தாள். உடனே தூங்கிப்போனாள்.

முதலாளி ஓட்டமாக வந்தார். "யாரு நிறுத்துனது?"

"நானுங்க."

"என்ன ஆச்சு? யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்லீங்க."

"தீப்பிடிச்சுதா?"

"இல்லீங்க."

"பின்ன என்னதான் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலீங்க."

அவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் முழுசாக இருந்தார்கள். ரத்தம் இல்லை, புகை இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஒண்ணுமே நடக்காததுக்கு மில்லையே நிறுத்துனியா நீ?" என்றார். அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். அந்தப் பதிலைக் காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை. நடந்திருந்தால் காட்டலாம். செல்லக்கனியைக் காட்டியிருக்கலாம், அதற்கும் போன் பேசினாள் என்று அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றாள்.

மத்தியானத்துக்குள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொள்ள மட்டும் வாட்ச்மேன் உள்ளே விட்டான். இனி அந்தப் பக்கத்து எந்த மில்லிலும் அவளைச் சேர்க்கக் கூடாதென்று அன்று சாயங்காலமே சொல்லியனுப்பினார்கள்.

குண்டடம் போகிற வழியில் ஒரு கொப்பரைக் களத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தேங்காயை உடைத்துக் காயப்போட வேண்டும். இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் வெளியே விடுகிற நேரத்தில், முப்பிடாதி விசாரித்துக்கொண்டு அங்கே வந்தாள். இருவரும் களத்து ஓரம் நின்றார்கள். வெயில் கடுமையாக இருந்தது.

"மறுபடி தூங்குச்சா?" என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

"இல்லக்கா. இனிமே தூங்காதுன்னு ராயப்பண்ணன் சொல்லுதாரு. கையை வச்சுப் பார்த்தாராம். சும்மா இரும்பாத்தான் இருக்காம்."

"அந்த ஒரியாப் புள்ள?"

"இருக்கா. மூடி போடல இன்னும்." முப்பிடாதி கொஞ்சநேரம் காலால் ஒரு தேங்காய்ச் சிரட்டையை நகர்த்திக்கொண்டிருந்தாள். "யக்கா, மொதலாளி என்னைச் சூப்பர்வைசரா போட்டுட்டாரு. இங்க ரொம்பப் பேசுதவ நீதான், இனிமே நீயே இவளுவளை வேலை வாங்கு, அப்ப தெரியும் ஒனக்குன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்."

தெய்வாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் மிளகாய் எண்ணெயின் சிவப்பு இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிட்டுப் போவணும்னுதான் வந்தேன்," என்றாள் முப்பிடாதி. "செல்லக்கனி விசயத்துல நான் ஒங்கள மன்னிக்கல."

"வேண்டாம். மன்னிக்காத."

"அவ அம்மா வந்திருந்தா. போன் பேசலன்னு நீங்க எங்கள்ட்ட சொன்னத நான் அப்படியே அவளுக்குச் சொல்லிட்டேன்."

"கூப்புட்டா எங்க வேணாலும் வந்து சொல்றேன்னு சொல்லு. என் கையெழுத்து பொய்யின்னு சொல்றேன்."

முப்பிடாதி தலையாட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பியவள் நாலடி போய்த் திரும்பிவந்தாள். கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றைச் சட்டைக்குள்ளிருந்து இழுத்து வெளியே எடுத்தாள். அதில் ஒரு புதுப் பித்தளைச் சாவி தொங்கியது.

"நீங்க நிறுத்துன மறுநாளே அந்த ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுட்டாரு. சூப்பர்வைசர் தவிர யாரும் தொடக் கூடாதாம்."

தெய்வாத்தாள் சாவியைத் தொடவில்லை. தேங்காய் மட்டை கீறிய தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்த்தாள்.

"அந்தக் கைப்பிடி துருப்புடிச்சு இறுக்கமா இருக்கும், புள்ள," என்றாள். "ரெண்டு கையாலயும் புடிச்சு இழு."